ஹர் ஜேயை விளையாட்டுப் பக்கத்திலும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கொரிய டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனில் எதைப் பார்க்கிறார்கள் என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு பத்திரிகை மெனக்கெட்டது நல்ல காரியம். ஆனால் அதில் ஹர் ஜே என்பவரின் படத்தைப் போட்டு, கீழே 'முன்னாள் கூடைப்பந்து வீரர், இன்று நகைச்சுவைப் பிரபலம்' என்று முடித்துவிட்டீர்கள். அந்த 'முன்னாள்' என்ற சொல்லுக்குள் ஒரு மனிதனின் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கரூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.இ.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரி நாட்களில் பேஸ்கட்பால் ஆடினேன், அப்புறம் வேலைக்காலம் முழுக்க அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஹர் ஜேயை எனக்குக் காட்டியது என் மகள் வயிற்றுப் பேத்தி. "அம்மாயி, இந்தத் தாத்தா உங்க கேம் ஆடினவராமா" என்று போனை நீட்டினாள். அது 2019இல் வந்த ஒரு நிகழ்ச்சி. வேறு வேறு விளையாட்டில் உச்சம் தொட்டு ஓய்வு பெற்றவர்களை எல்லாம் ஒன்று சேர்த்து ஒரு கால்பந்து அணி ஆக்கியிருந்தார்கள். 2002 உலகக் கோப்பையில் இத்தாலியை வெளியே அனுப்பிய கோலை அடித்தாரே ஆன் ஜங் ஹ்வான், அவர்தான் பயிற்சியாளர். அணியில் அட்லாண்டா ஒலிம்பிக் மாரத்தானில் வெள்ளி வாங்கிய லீ போங் ஜூ இருந்தார். கொரிய மல்யுத்த ஜாம்பவான் லீ மான் கி இருந்தார். ஹர் ஜேயைக் கோல்கீப்பராக நிறுத்தியிருந்தார்கள். தன் அணிக்காரரே காலால் தட்டிவிட்ட பந்தை அவர் சாவதானமாகக் குனிந்து கையில் எடுத்துவிட்டார். கால்பந்தில் அது பவுல். அவருக்கு அது தெரியவில்லை. ஊரே சிரித்தது. அந்த ஒரு காட்சியில் இருந்துதான் அவருடைய டிவி வாழ்க்கை சூடு பிடித்தது.

பேத்தியும் சிரித்தாள். நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே வரும் எந்தப் பந்தையும் கையில்தான் வாங்கவேண்டும் என்று சின்ன வயதில் இருந்து பழகிய உடம்பு அது. அதற்கு வேறென்ன செய்யத் தெரியும்? அன்றில் இருந்து அவர் ஆடிய பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன், படித்தேன்.

1965இல் சுன்சோன் என்ற ஊரில் பிறந்தவர். உயரம் 188 சென்டிமீட்டர். நமக்கு அது உயரமாகத் தெரியும். சர்வதேசக் கூடைப்பந்தில் அது நடுத்தர உயரம்கூட இல்லை. சுங் ஆங் பல்கலைக்கழகத்தில் ஆடி, பிறகு கியா கம்பெனி அணிக்கு வந்தார். 1988 சோல் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் உலக நாடுகளின் வீரர்கள் எல்லாருக்காகவும் உறுதிமொழி வாசித்த இருவரில் ஒருவர் அவர். ஹேண்ட்பால் வீராங்கனை சோன் மி நா இன்னொருவர். தன் நாடு உலகத்தை வீட்டுக்கு அழைத்த நாளில், இருபத்து இரண்டு வயதுப் பையனை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து 1990இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் எகிப்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 62 புள்ளிகள் எடுத்தார். உலகச் சாம்பியன்ஷிப் வரலாற்றில் ஒருவர் ஒரு ஆட்டத்தில் எடுத்த அதிகபட்சம் அதுதான். நம் மாவட்ட ஆட்டங்களில் ஒரு அணியே அறுபது எடுத்தால் அன்றைக்கு நன்றாக ஆடினோம் என்று வீட்டுக்குப் போவோம்.

ஆனால் என்னை அவரிடம் கட்டிப்போட்டது 62 அல்ல. 1998இல் அவர் தோற்ற ஒரு தொடர்.

கொரியாவின் தொழில்முறை லீக் 1997இல்தான் தொடங்கியது. முதல் கோப்பையை பூசான் கியா வாங்கியது. அடுத்த இறுதித் தொடர் கியாவுக்கும் டேஜோன் ஹூண்டாய்க்கும். ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவருக்குக் கோப்பை. ஹர் ஜேக்கு அப்போது வயது முப்பத்து இரண்டு. வலது கையில் எலும்பு முறிவு. புருவத்துக்கு மேலே கிழிந்து தையல். அந்தக் கட்டோடு ஆடினார். பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகும்போது எதிராளியின் முழங்கை எங்கே படும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். புண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் படும். அது தெரிந்தும் அவர் வெளியே நின்று தூர ஷாட் போட்டு ஒப்பேற்றவில்லை. திரும்பத் திரும்ப ரிங்குக்குக் கீழேயே போனார். தொடர் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. 4–3 என்று ஹூண்டாய் வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருது மட்டும் தோற்ற அணியின் ஹர் ஜேக்குக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் இத்தனை கால வரலாற்றிலேயே 1969இல் ஜெர்ரி வெஸ்ட் ஒருவருக்குத்தான் அப்படிக் கிடைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோற்றவனுக்கு விருது கொடுக்கலாமா என்று என் பழைய சகாக்கள் வாட்ஸ்அப்பில் வாதாடினார்கள். என் கட்சி, கொடுக்கலாம். ஸ்கோர்போர்டு அணிக்கு உரியது. அந்த ஏழு ஆட்டத்திலும் களத்தில் மிகச் சிறந்தவன் யார் என்பது தனிக் கேள்வி. என் பள்ளி அணி மண்டலப் போட்டியில் தோற்ற நாட்களில்கூட, அன்றைக்கு நன்றாக ஆடிய பிள்ளையின் பெயரைத்தான் மறுநாள் பிரேயரில் வாசிக்கச் சொல்வேன்.

அதன்பிறகு வோன்ஜு நகர அணிக்குப் போனார். அங்கே 2002–03 பருவத்தில், முப்பத்து ஏழு வயதில், ஆடிக்கொண்டே பயிற்சியாளர் வேலையையும் பார்த்து, கிம் ஜூ சங் என்ற உயரமான புதுப் பையனோடு சேர்ந்து கோப்பை வாங்கினார். 2004இல் ஓய்வு. அவருடைய 9ஆம் எண் பனியனை அந்த அணியில் இனி யாரும் போடமுடியாது. 2005இல் ஜோன்ஜு கே.சி.சி. அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பத்து வருஷம் இருந்தார், 2009இலும் 2011இலும் சாம்பியன். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் கொரியரான ஹா சுங் ஜின், 221 சென்டிமீட்டர், அந்த அணியில்தான் இருந்தார். அவ்வளவு உயரமான பையன் கிடைத்தால் கோப்பை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உயரமான பிள்ளையைப் பழக்கிப் பார்த்ததில்லை. முட்டி தாங்காது, மூச்சு தாங்காது, மற்ற நான்கு பேரும் அவன் கைக்குப் பந்து போகும் என்று நின்றுவிடுவார்கள். அதைச் சரிக்கட்டி இரண்டு கோப்பை என்பது பயிற்சியாளரின் வேலை.

நல்லதை மட்டும் எழுதினால் நியாயம் ஆகாது. 2018இல் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது தன் இரண்டு மகன்களையும், ஹர் ஊங், ஹர் ஹூன், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கான அணியில் எடுத்தார். கொரியாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் என்றால் கட்டாய ராணுவ சேவையில் இருந்து விலக்கு கிடைக்கும். அதனால் அணித் தேர்வு என்றாலே அங்கே ஊர் முழுக்க அனல் பறக்கும். அணி வெண்கலத்தோடு திரும்பியது. 'அப்பா பிள்ளைக்கு இடம் கொடுத்தார்' என்ற பேச்சு அடங்கவில்லை. அவர் பதவி விலகினார். பையன்கள் இருவரும் திறமைசாலிகள் என்பது பின்னால் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஹர் ஹூன் 2019–20இல் லீக்கின் சிறந்த வீரர். ஹர் ஊங் 2024 இறுதித் தொடரில் கே.சி.சி. அணிக்காகச் சிறந்த வீரர். எதிரணியில் நின்றது தம்பி. ஆனாலும் அன்றைக்குத் தேர்வு மேசையில் அப்பா உட்கார்ந்திருந்தது தவறு என்றே நினைக்கிறேன். பிள்ளை தகுதியானவன் என்றால் அதைச் சொல்ல வேறு ஒருவர் இருக்கவேண்டும். நம் மாவட்டத் தேர்வுகளில் எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் வந்து "டீச்சர், அவங்க சொந்தக்காரப் பிள்ளையாமே" என்று அழுதிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை உண்மையிலேயே நன்றாக ஆடியபோதும் அவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

2022இல் கோயாங் நகர அணிக்கு நிர்வாகத் தலைவராகப் போனது இன்னொரு சறுக்கல். வீரர்களின் சம்பளம் பாக்கி விழுந்து, 2023 ஜூனில் லீக்கே அந்த அணியை நீக்கியது. அதிலும் அந்தப் பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் அரையிறுதி வரை ஆடினார்கள்.

இவ்வளவும் சேர்ந்த மனிதர்தான் உங்கள் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர். ஆட்டத்தை விட்டு டிவிக்கு வந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. லீக்கில் 13,231 புள்ளிகள் எடுத்த சோ ஜாங் ஹூன் இன்று அங்கே வாராவாரம் டிவியில் வருகிறார். 2002 பூசான் ஆசிய விளையாட்டு இறுதியில், யாவ் மிங் நின்ற சீனாவுக்கு எதிராக, கடைசி நொடிகளில் உள்ளே புகுந்து ஸ்கோரைச் சமன் செய்த ஹியூன் ஜூ யோப், பின்னால் எல்.ஜி. அணிக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, சாப்பாட்டு நிகழ்ச்சிகளில் அமர்க்களப்படுத்தினார். அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 102–100 என்று கொரியா தங்கம் வாங்கியது.

டிவி அங்கே விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022 ஜனவரியில் டேகுவில் நடந்த ஆல்ஸ்டார் ஆட்டத்தில் ஒரு அணிக்கு அண்ணன் ஹர் ஊங் கேப்டன், எதிரணிக்குத் தம்பி ஹர் ஹூன் கேப்டன், நடுவில் பந்தை மேலே தூக்கிப் போட்ட சிறப்பு நடுவர் அப்பா ஹர் ஜே. டிவியில் அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒரு காரணம் இருந்தது. கூட ஆடுபவர் எதிராளியை மறித்து நின்று, பிறகு ரிங்கை நோக்கி ஓடிப் பந்தை வாங்குகிற பிக் அண்ட் ரோல் என்றால் என்னவென்று என் பேத்திக்கே இப்போது தெரியும். நான் சொல்லிக் கொடுத்து அல்ல, ஹர் ஹூன் ஆடுவதைப் பார்த்து.

சரி, இதை ஏன் கரூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்?

நம் கொங்குப் பகுதி கூடைப்பந்துக்குப் புதிய ஊர் இல்லை. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பி.எஸ்.ஜி. கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகள் நடக்கும் மண் இது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எப்., ராணுவம், விமானப்படை, கடற்படை என்று நாட்டின் பெரிய அணிகள் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. கோடை ராத்திரியில் திருவள்ளுவர் மைதானத்தில் ப்ளட் லைட் போட்டு ஆட்டம் தொடங்கினால், பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்து வேலை முடித்த கையோடு, உடம்பில் பெயின்ட் வாசனை போகாமல் வந்து உட்காருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆட்டம் தெரியும். பந்தைத் தட்டாமல் ஒருவர் கூடுதலாக அடி எடுத்து வைத்தால், ரெப்ரி கை தூக்குவதற்கு முன்பே "டிராவலிங்" என்று காலரி சொல்லிவிடும்.

அந்த காலரி கைதட்டிய ஆட்டக்காரர்கள் இப்போது எங்கே? சிலரை எனக்குத் தெரியும். பெயர் எழுத அவர்களிடம் அனுமதி வாங்கவில்லை, அதனால் எழுதவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கி வேலைக்குப் போன ஒருவர், மாநில அணிக்கு ஆடியவர், ஓய்வுக்குப் பிறகு மகனின் மெத்தைவிரிப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். என்னிடம் படித்த ஒருத்தி போலீசில் இருக்கிறாள். ஜம்ப் ஷாட் போடும்போது அவள் மணிக்கட்டு மடங்குகிற அழகை வேறு எந்தப் பிள்ளையிடமும் நான் பார்த்ததில்லை. தேர்த்திருவிழாவில் டிராபிக் பார்த்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, "பந்தைத் தொட்டு எத்தனை நாள் ஆச்சு கண்ணு" என்று கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை. இந்தியப் பெண்கள் அணிக்குப் பதினெட்டு வருஷம் ஆடிய சென்னை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்றைக்கு என் தெருவில் எத்தனை வீட்டில் அவர் யார் என்று தெரிந்திருந்தது? நான் போய்ச் சொன்ன வீடுகளில்தான்.

ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளர் ஆகலாமே என்பீர்கள். அரசுப் பயிற்சியாளர் வேலை என்றால் பெரும்பாலும் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ கேட்பார்கள். வேலையில் இருப்பவர் ஒரு வருஷம் லீவு போட்டு, பிள்ளைகுட்டியை விட்டுவிட்டு பஞ்சாப் போகமுடியுமா? பெண்கள் போகமுடியுமா? ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று இருக்கிறது. அதை முடித்தவர்களையாவது சாயங்காலம் இரண்டு மணி நேரம் நம் மைதானங்களில் மதிப்பூதியத்துக்கு அமர்த்தலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நினைத்தால் மாவட்டத்துக்கு நான்கு பேரை நாளைக்கே கூப்பிட முடியும். பல பள்ளிகளில் போர்டு இருக்கிறது, ரிங் இருக்கிறது, நெட் மட்டும் இருக்காது. நெட் இல்லாத ரிங்கில் பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று பிள்ளைக்கே தெரியாது. சிமென்ட் தரையில் எப்படிக் குதித்து இறங்கினால் முட்டி பிழைக்கும் என்று அடிபட்டவர்தான் சொல்லித்தர முடியும். அப்படிப்பட்டவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

தமிழ் டிவிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சமையல் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் சினிமாக்காரர்களையே சுற்றிச் சுற்றிக் கூப்பிடுகிறீர்கள். ஓய்வு பெற்ற கபடிக்காரர், வாலிபால்காரர், பேஸ்கட்பால் ஆடிய பெண்கள், இவர்களில் பேசத் தெரிந்தவர்கள், சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்கள் டோர்னமெண்ட் பஸ் பயணங்களில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இரண்டே. ஒன்று, ஹர் ஜேயைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். கை உடைந்து ஆடியதையும் எழுதுங்கள், மகன்களை எடுத்ததையும் எழுதுங்கள். இரண்டு, கரூர், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் ஒரு காலத்தில் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய ஆண்களையும் பெண்களையும் தேடி, வாரம் ஒருவர் என்று எழுதுங்கள். படம் பழையதும் புதியதும் இரண்டும் வேண்டும். அடுத்த கோடைப் போட்டி திருவள்ளுவர் மைதானத்தில் தொடங்கும்போது ஒரு நிருபரை அனுப்பினால் போதும். காலரியில் யார் யார் எந்த வருஷம் எந்த அணிக்கு ஆடினார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன். அவர்களிடம் பேச இப்போதே அனுமதியும் கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
வெங்கமேடு, கரூர்.